21 நாளா, ஆயுசு நாளெல்லாமா?



எழுப்புதலைக் குறித்தும் வருகையைக் குறித்தும் செய்தி இருக்கும் என்று எதிர்பார்த்து இந்தப் பக்கத்தைத் திறந்தவர்கள், "பாஸ்டருக்கு என்ன ஆச்சு, சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறாரே" என்று கேட்கலாம். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் ஏதேனில் மனுஷனுக்கு வந்த சோதனை சாப்பிடுகிற காரியத்தில்தான் வந்தது. வனாந்தரத்தில் நம் ஆண்டவரிடத்தில் பிசாசானவன் முதலாவது கொண்டுவந்ததும் அப்பத்தின் காரியத்தையே. ஆகையால் இது சின்ன விஷயம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

நம் சபையின் ஒரு சகோதரி கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. வருஷத் துவக்கத்தில் 21 நாள் உபவாச ஜெபத்தில் அவர்கள் தானியேல் உபவாசம் எடுத்தார்கள். காய்கறி, பருப்பு, பழம், தண்ணீர், அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்து என்னிடம் வந்து சொன்னார்கள்: "பாஸ்டர், உபவாசத்துல ஆறு கிலோ குறைஞ்சுது. எல்லாரும் மெலிஞ்சிட்டீங்களேன்னு சொன்னப்போ சந்தோஷமா இருந்துச்சு. இப்ப பாருங்க, ஏழு கிலோ ஏறிடுச்சு. சுகர் பார்டர்ல இருக்குன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. எங்கம்மாவுக்கு சுகராலதான் காலை எடுத்தாங்க. எனக்குப் பயமா இருக்கு. அந்த 21 நாள் சாப்பாட்டையே ஆயுசு முழுக்க சாப்பிட்டா என்ன?"

இது வெறும் அழகுக்காகக் கேட்ட கேள்வி இல்லை, பிரியமானவர்களே. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நம் தேசத்தில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. நம் சபையிலே ஜெப விண்ணப்பச் சீட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் அது எனக்கு நன்றாகவே தெரியும். ஒவ்வொரு ஞாயிறும் "சுகர் குறைய", "கால் புண் ஆற" என்று எழுதாத சீட்டுக்கட்டு கிடையாது. ஆகவே அந்தச் சகோதரிக்குச் சொன்னதை உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலாவது தானியேலைப் பார்ப்போம். தானியேல் புஸ்தகத்தில் சாப்பாட்டுக் காரியம் இரண்டு இடத்தில் வருகிறது. நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம். முதலாம் அதிகாரத்தில் அவன் வாலிபன். ராஜாவின் போஜனத்தினால் தன்னைத் தீட்டுப்படுத்தாதபடி இருதயத்தில் தீர்மானம் செய்கிறான். பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்கிறான். பத்து நாள் முடிந்தபோது என்ன ஆயிற்று? ஒருவேளை இதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். 15-ஆம் வசனத்தை வாசியுங்கள். அந்த வாலிபர் மெலியவில்லை! ராஜாவின் பந்தியில் சாப்பிட்டவர்களைவிட அதிகப் புஷ்டியாய்க் காணப்பட்டார்கள். தானியேல் உடம்பு குறைப்பதற்காகப் பருப்பு சாப்பிட்டான் என்று நினைத்திருந்தவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பத்தாம் அதிகாரத்திலே அவன் வயதானவன். கோரேஸ் ராஜாவின் மூன்றாம் வருஷம். மூன்று வாரம் துக்கித்து ஜெபிக்கிறான். அந்த நாட்களில் ருசியான அப்பமில்லை, இறைச்சியில்லை, திராட்சரசமில்லை, தலைக்கு எண்ணெய்கூட இல்லை. மூன்று வாரம் முடியும் மட்டும் என்று வேதம் தெளிவாய்ச் சொல்லுகிறது. அப்படியானால் அந்த மூன்று வாரத்துக்கு முன்னும் பின்னும் அவன் அதையெல்லாம் சாப்பிட்டான் என்றுதானே அர்த்தம்? அது உபவாசம். அதற்கு ஒரு துவக்கமும் ஒரு முடிவும் உண்டு. முதலாம் அதிகாரத்தில் உள்ளதோ அவனுடைய அனுதின வாழ்க்கை. கல்தேயரின் எழுத்தைப் படித்த அந்த மூன்று வருஷப் படிப்பு நாட்களில், எல்லாரும் சாப்பிடுகிற அதே அரமனையில் இருந்துகொண்டே, தன் தட்டை மாற்றிக்கொண்டான்.

சகோதரி செய்தது பத்தாம் அதிகாரம். கேட்டது முதலாம் அதிகாரத்தின் பலனை! உபவாசம் தேவ சமுகத்தில் நம்மைத் தாழ்த்துவதற்கு. அதை எடை மெஷினோடு கட்டிப்போட்டால் உபவாசமும் கெடும், உடம்பும் கெடும். உபவாசம் முடிகிற அன்று பந்தியில் பிரியாணிக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தாலே தெரியவில்லையா? ஆராதனையில் அவ்வளவு சீக்கிரம் யாரும் முன் வரிசைக்கு வருவதில்லை.

மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு வீட்டைக் குறித்துச் சொல்லுகிறார். அசுத்த ஆவி புறப்பட்டுப் போயிற்று. வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டிருந்தது, ஆனால் வெறுமையாயிருந்தது. போனது தன்னிலும் பொல்லாத ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. ஆறு கிலோ போய் ஏழு கிலோவாகத் திரும்பி வந்த கதையும் அதேதான். சோற்றையும் இட்லியையும் துரத்திவிட்டோம், சரி. அந்த இடத்தில் எதைக் குடிவைத்தோம்?

இதற்கு சரீரத்திலேயே ஒரு காரணமும் இருக்கிறது. அதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி நாட்களில், 1944-45-ல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை நடத்தினார். யுத்தத்தில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு எப்படி மறுபடியும் ஆகாரம் கொடுப்பது என்று அறிவதற்காக அது நடந்தது. அதற்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் 36 வாலிபர். மனசாட்சியினிமித்தம் ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று நின்றவர்கள் அவர்கள். மெனோனைட், பிரதரன், குவேக்கர் முதலிய சபைகளைச் சேர்ந்தவர்கள் அதில் இருந்தார்கள். நல்ல ஒழுக்கமுள்ள, கட்டுப்பாடுள்ள பிள்ளைகள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான ஆகாரத்தில் ஏறக்குறைய பாதியைக் கொடுத்தார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி. இன்றைக்குப் பலர் கையில் வைத்திருக்கிற டயட் சார்ட்டில் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது!

என்ன ஆயிற்று தெரியுமா? உடம்பில் கால் பங்கு போயிற்று. அதோடு மனதும் போயிற்று. எந்நேரமும் சாப்பாட்டு நினைவுதான். சமையல் புஸ்தகங்களைச் சேர்த்து வைத்து வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சலும் சோர்வும் வந்தது. ஆகாரம் திரும்பக் கொடுத்தபோது எவ்வளவு சாப்பிட்டும் திருப்தியில்லை. எடை திரும்பி வந்தபோது கொழுப்பே முந்தி வந்தது, முன்பு இருந்ததைவிட அதிகமாகவும் வந்தது. கொள்கைக்காகத் தங்கள் பேரையே தியாகம் செய்த வாலிபருக்கு இப்படி ஆனதென்றால், காலை நாலரைக்கு எழுந்து பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, பஸ் பிடித்து வேலைக்குப் போகிற என் சகோதரிக்கு ஆகாதா?

2011-ல் வெளிவந்த இன்னொரு ஆஸ்திரேலிய ஆராய்ச்சி. அதிக எடையுள்ள 50 பேர் பத்து வாரம் மிகக் குறைந்த ஆகாரத்தில் எடை குறைத்தார்கள். ஒரு வருஷம் கழித்தும் அவர்களுடைய இரத்தத்தில் பசியைத் தூண்டுகிற சுரப்பு குறையவில்லை. 2016-ல், அமெரிக்க டி.வி.யில் எடை குறைக்கும் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருஷம் கழித்துப் பரிசோதித்தார்கள். சராசரியாய் 58 கிலோ குறைத்திருந்தார்கள். அதில் 41 கிலோ திரும்பி வந்துவிட்டது. சும்மா இருக்கும்போது அவர்கள் சரீரம் செலவழிக்கிற சக்தியும் அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாய் இருந்தது. சரீரம் பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துக் கையை இறுக்கிக்கொண்டது.

பருமனான விசுவாசியைக் கண்டவுடனே "பெருந்தீனி ஆவி" என்று தலையில் கைவைக்க ஓடுகிற சில சகோதரர்கள் இதைத் தயவாய் இரண்டுதரம் வாசிக்கவும். பெருந்தீனி பாவம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டில் நம்மைவிடக் குறைவாய்ப் போட்டுக்கொண்டு, நம்மைவிட அதிகமாய்ப் போராடுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள்.

அப்படியானால் எந்த டயட் நல்லது என்று கேட்பீர்கள். இந்தக் கேள்விக்கும் வயதாகிவிட்டது. 1863-ல் லண்டனில் வில்லியம் பான்டிங் என்பவர் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். சவப்பெட்டியும் அடக்க ஆராதனை ஏற்பாடும் அவர் குடும்பத் தொழில். அறுபது வயதைத் தாண்டியவர், குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாத உடம்பு. காது கேட்கவில்லை என்று டாக்டரிடம் போனார், டாக்டர் சாப்பாட்டை மாற்றச் சொன்னார்! ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு எல்லாம் நிறுத்தி, 20 கிலோவுக்கு மேல் குறைத்தார். அதோடு விடவில்லை, அந்த வழியிலேயே நிலைத்திருந்தார். 1878-ல் மரிக்கும்போது எண்பது வயதைக் கடந்திருந்தார். அவருக்கு அது நிலைத்தது. அவர் புஸ்தகத்தை வாசித்த எத்தனையோ பேர் ஒரு பருவம் செய்துவிட்டுத் திரும்பியிருப்பார்கள்.

நம் ஊர்களிலும் சில வருஷங்களுக்கு முன்பு பேலியோ அலை அடித்ததே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் நூறு பாதாம், மத்தியானம் முட்டையோ பன்னீரோ, டீயில் வெண்ணெய், அரிசி வாசனையே கூடாது. எடை குறைந்தது உண்மை. சிலருக்குச் சர்க்கரையும் இறங்கியது, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் நடந்ததை நான் பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு சமையல், பிள்ளைகளுக்கு ஒரு சமையல், மாமியாருக்கு ஒரு சமையல். அடுப்படியில் நின்ற அம்மாவோ எல்லார் தட்டிலும் மீந்ததைச் சாப்பிட்டார்கள். பாதாம் விலையைக் கேட்டால் நம்மில் பாதிப்பேருக்கு மயக்கம் வரும். குடும்பம் தாங்காத சாப்பாடு எத்தனை மாதம் ஓடும்?

2005-ல் அமெரிக்காவில் 160 பேரைப் பிரித்து நான்கு பிரபலமான டயட்டுகளை ஒரு வருஷம் கடைப்பிடிக்கச் சொன்னார்கள். எந்த டயட் என்பது பெரிய வித்தியாசம் உண்டாக்கவில்லை. எவ்வளவு உண்மையாய்க் கைக்கொண்டார்கள் என்பதுதான் உண்டாக்கியது. 2018-ல் ஸ்டான்போர்டில் 609 பேரை வைத்துப் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு வருஷத்தில் சராசரி 5.3 கிலோ, மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்கு 6 கிலோ. பெரிய பேதமில்லை. ஆகவே "எங்கள் டயட்டே சத்தியம்" என்று சண்டை போடுகிறவர்கள் கொஞ்சம் அமைதலாயிருக்கலாம். ரோமர் 14-ல் பவுல் இதைவிடப் பெரிய சண்டையையே தீர்த்துவைத்தார். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ண வேண்டாம், புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாய்த் தீர்க்கவும் வேண்டாம்.

கொலோசெயர் இரண்டாம் அதிகாரம் இன்னும் ஆழமானது. தொடாதே, ருசிபாராதே, தீண்டாதே என்கிற கட்டளைகள் ஞானம் போலத் தோன்றும். ஆனால் மாம்சத்தின் இச்சையை அடக்க அவற்றுக்குப் பெலனில்லை என்கிறார் அப்போஸ்தலன். மேலே சொன்ன 36 வாலிபரை அவர் பார்த்தவரைப் போலவே எழுதியிருக்கிறார்! கூடாது என்று சொன்னதுதான் இராத்திரி சொப்பனத்தில் வரும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் எதை நினைத்து அழுதார்கள்? வெள்ளரிக்காய், கொம்மட்டிக்காய், வெங்காயம், வெள்ளைப்பூண்டு, மீன். எகிப்தில் முதுகில் விழுந்த அடி மறந்துபோயிற்று, பூண்டு மறக்கவில்லை.

ஆனாலும் அவர்களுக்குக் கர்த்தர் கொடுத்த மன்னாவைக் கவனியுங்கள். 40 வருஷம் நடந்த போஜன ஏற்பாடு அது. தலைக்கு ஒரு ஓமர். அதிகமாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவில்லை. நாளைக்கென்று வைத்தது புழுத்து நாறிப்போயிற்று. அனுதினமும் காலையில் எழுந்து, வெளியே நடந்து போய்ப் பொறுக்க வேண்டும்! அளவு, அனுதினம், நடை. இந்த மூன்றும் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கிறது. யாத்திராகமம் 16.

இதை நான் வீணாய்ச் சொல்லவில்லை. 1994-ல் அமெரிக்காவில் ஒரு பதிவேடு தொடங்கினார்கள். குறைந்தது 13 கிலோவுக்கு மேல் குறைத்து, ஒரு வருஷமாவது திரும்ப ஏறாமல் காத்துக்கொண்டவர்கள் மட்டுமே அதில் சேர முடிந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் குறைத்த வழி பலவிதம். காத்துக்கொண்ட வழியோ ஒன்றுக்கொன்று ஒத்திருந்தது. பெரும்பாலோர் காலை ஆகாரத்தை விடுவதில்லை. வாரம் ஒருதரமாவது எடை பார்க்கிறார்கள். டி.வி.க்கு முன் உட்காருவது குறைவு. பத்தில் ஒன்பது பேர் நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறார்கள், அதிலும் நடையே அதிகம். இதில் ஒன்றும் அதிசயம் இல்லை. ஆனால் இதைச் சுவரொட்டி அடித்து விற்க முடியாது, அதனால்தான் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

நம் சபையிலும் அப்படி ஒரு சகோதரர் இருக்கிறார். ஆட்டோ ஓட்டுகிறவர். 14 கிலோ குறைத்து ஐந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார். என்ன டயட் இருக்கீங்க என்று கேட்டேன். "டயட்டெல்லாம் ஒண்ணும் இல்ல பாஸ்டர். மலையாட்டம் சோறு போட்டுக்குவேன், இப்ப ரெண்டு கரண்டி. கூட்டும் பொரியலும் முன்னாடி சோறு இருந்த இடத்துல வந்து உக்காந்துச்சு. டீயில மூணு ஸ்பூன் சர்க்கரை போடுவேன், ரெண்டாச்சு, ஒண்ணாச்சு, இப்ப இல்ல. அதுக்கே ஒரு வருஷம் ஆச்சு. சவாரி இல்லாத நேரம் ஸ்டாண்டுல உக்காராம நடப்பேன்." பிரியாணி? "கல்யாண வீட்ல சாப்பிடுவேன். மறுநாள் பழையபடி ரெண்டு கரண்டி." அவர் மனைவியும் பிள்ளைகளும் அதே குழம்பு, அதே பொரியலைத்தான் சாப்பிடுகிறார்கள். வீட்டில் ஒரே அடுப்பு எரிகிறது.

"கூட்டும் பொரியலும் சோறு இருந்த இடத்தில் உக்காந்துச்சு" என்றாரே, அதுதான் வெறுமையாய் இராத வீடு! ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொல்லுகிறது. ஒரு நாளின் கலோரியில் அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 45 சதவீதத்துக்கு மேல் போக வேண்டாம். மீதி பருப்பு, காய், கீரை, பால், முட்டை, மீன், கொட்டை வகைகளிலிருந்து வரட்டும். நம் தட்டில் முக்கால்வாசி சோறுதானே? சோற்றைத் துரத்த வேண்டாம், கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள்.

ஆக, சகோதரியின் கேள்விக்கு என் பதில் இதுதான். அந்த 21 நாள் சாப்பாட்டை அப்படியே ஆயுசு முழுவதும் கொண்டுபோக முடியாது, முயற்சி செய்யவும் வேண்டாம். ஆனால் அதில் உங்களுக்குப் பிடித்துப்போனது ஏதாவது இருக்குமே? மத்தியானம் தட்டு நிறையக் காய் சாப்பிட்டது, சாயங்காலம் மிக்சருக்குப் பதில் கொய்யாப்பழம். அப்படி இரண்டு காரியத்தை மாத்திரம் பிடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும், சம்பளம் தாமதமானாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அது உங்களுடையது. முடியாவிட்டால் இன்னும் சுலபமாக்குங்கள். ஆறு கிலோ குறையாது, இரண்டு கிலோ குறையலாம். இரண்டு வருஷம் கழித்தும் அந்த இரண்டு கிலோ குறைந்தே இருக்குமானால், டாக்டரம்மா சந்தோஷப்படுவார்கள்.

இப்போது வாரம் ஒருதரம் போடுகிற எடை குறைக்கும் ஊசியைப் பற்றியும் சிலர் கேட்கிறீர்கள். அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது, நான் இல்லை. ஒன்று மட்டும். அந்த வகை ஊசி ஒன்றை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருஷத்துக்குள் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது என்று 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஊசி போட்டாலும் தட்டு மாறத்தான் வேண்டும்.

இன்னொரு காரியம், இதைக் கண்டிப்பாகவே எழுதுகிறேன். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேளாமல் உபவாசம் இருக்கக் கூடாது, சோற்றைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருந்து அதே அளவு, ஆகாரம் இல்லை என்றால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வேர்வை, நடுக்கம், மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். "விசுவாசத்தில் மாத்திரையை எறிந்துவிட்டேன்" என்று சாட்சி சொல்ல மேடைக்கு யாரும் வர வேண்டாம், மைக் கொடுக்க மாட்டேன். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் மருந்து சொன்னாரே, அவருக்கு விசுவாசம் இல்லையா? இப்படிப்பட்டவர்கள் ஜெபத்தில் எங்களோடு முழங்காலில் நில்லுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கர்த்தர் அந்த ஜெபத்தையும் கேட்கிறார்.

சகோதரிகள் ஐக்கியத்தார் கூடிப் பேசி ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறார்கள். வருகிற மாதம் முதல் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் பந்தியில் சாம்பார் சாதம் பாதி, அவரைக்காய்ப் பொரியலும் கொண்டைக்கடலைச் சுண்டலும் பாதி. டீயில் சர்க்கரை கலக்கப்படாது, தனிக் கிண்ணத்தில் வைக்கப்படும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளலாம். சனிக்கிழமைகளில் அதிகாலை ஜெபம் முடிந்து ஆறு மணிக்குச் சபை வாசலிலிருந்து ஏரிக்கரை வரை நடந்து திரும்பலாம் என்று நானும் சில மூப்பர்களும் நினைத்திருக்கிறோம். வேகமாய் நடக்க வேண்டிய அவசியமில்லை, மூட்டு வலி உள்ள அம்மாமார்களும் வரலாம். செருப்பு மட்டும் நல்லதாய்ப் போட்டு வாருங்கள், அந்தப் பாதையில் கல் அதிகம்.

மாரநாதா!

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்